மூளை அழற்சியும் எருமைத்தயிரும்

மண்டூர்.

லண்டனில் வசிக்கும் பெருமதிப்புக்குரிய இலட்சுமிப்பிள்ளை அக்கா அவர்களுக்கு,

முருகன் துணையால் நாங்கள் இங்கே நலம். இந்த வசனத்தை வழக்கத்துக்காக எழுதினேன். உண்மையில் நலமா இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை. போனில் சொன்னால் இடையில் நீங்கள் கதைக்கத் தொடங்கிவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளையில் அழற்சி இருக்கிறது, பால், தயிரை உடனே நிறுத்து என்று தாங்கள் போனில் செய்தி அனுப்பியிருந்தீர்கள். அழற்சி என்றால் வீக்கம் என்று நினைத்து, நான் மகள் ஆர்த்திகாட தலையை ஒவ்வொரு நாளும் தடவிப் பார்த்தன். வீக்கம் ஒண்டும் இல்ல, அவவுக்குக் கோவம்தான் வந்திச்சு. தயிரையும் நிப்பாட்டினன். சோத்தில எருமைத்தயிர் ஊத்தினாத்தான் அவ வாய் திறக்கிற. தயிர் இல்லாத சோத்துக் கோப்பையத் தள்ளித்து, காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குள்ள குந்தித்தா. தயிர்ச் சட்டிக்குள்ள தேங்காய்ப்பால ஊத்தி ஏமாத்திப் பார்த்தன். மணந்து பார்த்துத்து நான் உடுத்திருந்த சாரத்தில கவிட்டா. கிழமை முடியக்குள்ள புள்ளைட கன்னம் ஒட்டிப்போச்சு. என்ட மனுசி தனுஷியா என்னோட கதைக்கிறதையே விட்டுத்தா.

பயந்துபோய் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனம். டொக்டரம்மா, "தனிப்பட்ட சிகிச்சைதான் சரி" எண்டா. நான் தனியார் ஆஸ்பத்திரியாக்கும் எண்டு நினைச்சு, "எங்களுக்கு அவ்வளவு வசதி இல்ல டொக்டர்" எண்டன்.

"அதில்ல ஐயா. ஒரு பிள்ளைக்குச் சரிவாறது மத்தப் பிள்ளைக்குச் சரிவராது. ஒவ்வொருத்தரையும் பார்த்துத்தான் முடிவெடுக்கணும்."

"அப்ப அழற்சி?"

"சில பிள்ளைகளுக்கு இருக்கலாமெண்டு ஆராயுறாங்க. உங்கட மகளுக்கு இருக்கெண்டு ஆர் சொன்ன?"

"லண்டன் அக்கா."

"அவ டொக்டரா?"

"இல்ல, சாரிக்கடை."

"முதல்ல பிள்ளைக்குத் தயிரக் குடுங்க."

வீட்ட வந்து தயிரும் சோறும் வச்சம். அவ அள்ளி அள்ளித் தின்னக்குள்ள நான் பக்கத்தில இருந்து அழுதுத்தன் அக்கா. என்னத்துக்கு அழுதன் எண்டும் விளங்கல்ல. அவ ஒரு பிடிய எடுத்து என்ட வாய்க்குள்ள திணிச்சா. அப்பிடி அவ இதுக்கு முந்தி செய்ததே இல்ல.

ஆகையால், தாங்கள் இனி வைத்தியம் எதுவும் சொல்லாமல் சுகம் மட்டும் விசாரிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தானுக்கும் மருமக்களுக்கும் எங்கள் அன்பு. முருகன் உங்களுக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும்.

தங்கள் தம்பி,
சிவதர்ஷன்

பிற்குறிப்பு: இப்பதான் தனுஷியா இதை வாசிச்சா. தயிர நிப்பாட்டச் சொன்னது நீங்க இல்லையாம், பாசிக்குடா ஹோட்டல்ல வேலை செய்யிற அவட அண்ணனாம். ஒரே நாளில வந்ததால நான் மாறி விளங்கித்தனாம். நீங்க அனுப்பினதில, "எதுக்கும் டொக்டரிட்டக் கேளு தம்பி" எண்டு மட்டும்தான் இருக்கு. உறையில லண்டன் விலாசம் எழுதி முத்திரையும் ஒட்டியாச்சு. வாசிச்சித்து அவருக்கு அனுப்பிவிடுங்க.