ஒரே மூக்கு, நாலு தொப்பி

“...மூக்கு அதேதான் தம்பி, தொப்பிதான் மாறியிருக்கு. நாலு படத்திலயும் ஒரே ஆள். படம் கீறினவர் தன்னைத்தான் கீறியிருக்கிறார்,” என்றார் சிவநேசன் அங்கிள், பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

ஏதாவது ஒரு படத்துக்குள் குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

வாய் இருக்கிறதே, அது பெண் கேட்கும் காலத்தில் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டிய உறுப்பு. நான் மதுரைக்காரன்; எடுத்துக்கொண்டே போனேன். அங்கிள், தாரணியின் அப்பா. டண்டினொங் புறநகரில் வீடு, யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சு குறைவு. மகளை எனக்குக் கட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் வாய் திறக்கவில்லை. அவருக்கு ஓவியம் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, “எனக்கும் ஓவியம்னா உயிர் அங்கிள்” என்று அவிழ்த்துவிட்டேன். (உயிரெல்லாம் இல்லை, இரண்டு மூன்று வீடியோ பார்த்திருந்தேன்.)

“அப்பிடியெண்டால் சனிக்கிழமை வாரும்,” என்று ஒரு பழைய டச்சு ஓவியரின் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். “வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ, அது காணும்,” என்று தாரணி காலையில் போனில் கெஞ்சியிருந்தாள்.

மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த அறை! அரை இருட்டு, பழைய தாளுக்கு வெளிச்சம் ஆகாதாம். உள்ளங்கை அளவுப் படங்கள், ஒவ்வொன்றும் தூரத்து வீட்டுச் சன்னல் மாதிரி மினுங்கின. தூங்கும் பன்றி, கட்டைக்கால் பிச்சைக்காரன், வேதாகமத்துத் தாடிக்காரர்கள், ஒற்றைச் சங்கு, மழை கவிந்த வயலில் ஒரு காற்றாலை. மனுஷன் எதைத்தான் விட்டுவைத்தார்! பார்த்துக்கொண்டே நின்றால் காலடியில் ஈரப்புல் தட்டுப்படுவது போலிருந்தது. தூக்கத்தில் பேசுபவனைப் போல என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“இவர் கீழைநாட்டு ராஜா அங்கிள். இவன் பிச்சைக்காரன். இவர் மாவு மில்லுக்காரர்.”

அங்கிள் ஒவ்வொன்றுக்கும் “ஓ” போட்டார். அந்த “ஓ” எனக்குக் கள்ளு மாதிரி ஏறியது. முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த நாலாவது ஆளிடம் வந்தேன்.

“இது ஓவியரோட மாமனார். பாகற்காயை மென்ன மாதிரி மூஞ்சியைப் பாருங்க! பொண்ணு கேட்கப் போயி பாவம், ஓவியர் என்ன பாடுபட்டாரோ!”

அதற்குத்தான் அந்த மூக்குப் பதில்.

இதை யாரிடம் போய்ச் சொன்னேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வயிறு கலங்கியது. (பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே.)

“அங்கிள்... இங்க கக்கூஸ் எங்க இருக்கு?”

அவர் பூதக்கண்ணாடியை இறக்கினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்!

“தம்பி, கக்கூஸ் எண்டது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் எங்களுக்கு விட்டிட்டுப் போன டச்சுச் சொல்லு. காலமையிலயிருந்து நீர் சொன்னதில டச்சு எண்டு சரியா வந்தது அது ஒண்டுதான்!”

இன்றும் எங்கள் மல்கிரேவ் வீட்டில் விருந்தாளி யாராவது எழுந்து பாத்ரூமைத் தேடினால், “டச்சில கேளுங்கோ, அப்பதான் காட்டுவம்” என்கிறாள் தாரணி. (பாருங்கள், முடிவை உளறிவிட்டேன். வாய்!)

அன்றைக்கு அங்கிள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கையைப் பிடித்துக் கழிப்பறை வாசல்வரை கூட்டிப்போனார். உள்ளே இருந்த எனக்கு அவர் போனில் பேசுவது கேட்டது.

“ஓம் பிள்ளை, என்னோடதான் நிக்கிறார். வீட்டை கூட்டிக்கொண்டு வாறன். இடியப்பம் கொஞ்சம் கூடுதலா அவிக்கச் சொல்லு அம்மாட்டை.”

பிறகு கதவைத் தட்டி, “மருமோன், கெதியா வாரும்” என்றார்.