ஆமென் வாங்கிய ஜெனரேட்டர்

அன்புள்ள விமலாவுக்கு,

செஞ்சியிலிருந்து பெரியப்பா மதலைமுத்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் பெரியம்மா ஜோசப்பினும் சுகம். டெல்லிக் குளிரில் நீயும் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாய் இருப்பாய் என நம்புகிறேன்.

பட்டாளத்துக்கு எந்தப் பீரங்கியை வாங்கலாம் என்று தீர்மானிக்க, படைக்காரர்கள் எழுதிய அறிக்கைகளையெல்லாம் கம்ப்யூட்டரைப் படிக்கவைத்து, எதற்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்று சொல்லவைப்பதுதான் உன் வேலை என்று விடுமுறைக்கு வந்தபோது சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சியில் கிடக்கிறதே பழைய பீரங்கி, அதை வாங்கச் சொல்லி யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்றுகூட யோசித்தேன். அந்த ஆர்வத்தில்தான் நீ என் லேப்டாப்பிலும் போட்டுக்கொடுத்த அந்தப் புரோகிராமை நம் கோயில் திருவிழாவுக்கே ஓட்டிப் பார்த்தேன். திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வாங்கவேண்டியிருந்தது. கமிட்டித் தலைவன் என்ற முறையில் கோயில் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘ஆண்டவரின் அருளால்’ என்று தொடங்கி, விழுப்புரத்தில் பார்த்துவைத்த பழைய ஜெனரேட்டரின் படத்தையும் விவரத்தையும் போட்டேன். கீழே ஆமென் ஆமென் என்று வந்து குவிந்தது. மெக்கானிக் ராபர்ட் மட்டும் ‘வேணாம், புகை தள்ளும்’ என்று எழுதினான். எல்லாவற்றையும் புரோகிராமுக்குக் கொடுத்தேன். ஆதரவு அமோகம், எதிர்ப்பு சொற்பம் என்றது. வாங்கிவிட்டேன். தேர்ப்பவனி அன்று அது போட்ட சத்தத்தில் சாமியாரின் பிரசங்கம் யார் காதிலும் விழவில்லை, அந்தோணியார் சொரூபம் கறுத்துப்போனது, பேண்டுக்காரர்கள் இருமிக்கொண்டே வல்லம் ரோட்டில் ஒதுங்கிவிட்டார்கள்.

“யாருண்ணா இத வாங்க சொன்னது?” என்று பக்கத்து வீட்டு ஸ்டீபன் சண்டைக்கு வந்தான்.

“நீதானடா ஆமென்னு போட்ட?”

“குரூப்ல இன்னா வந்தாலும் ஆமென்னுதான் போடுவோம். அதையெல்லாம் யாருண்ணா படிக்கிறா?”

எனக்கு மானம் போனது போனதுதான். ஆனால் ஒரு சந்தேகம் மனதைக் குடைகிறது. பட்டாளத்தில் எதை எழுதினாலும் கடைசியில் ஜெய்ஹிந்த் போடுவார்களாமே, உன் கம்ப்யூட்டர் அதையும் பீரங்கிக்கு ஆதரவாக எடுத்துக்கொள்கிறதா? அதிகாரிகள் கையெழுத்துப் போடுவதற்குள் பார்த்துச் சரிசெய். முடியாவிட்டால் அந்தப் புரோகிராமையே தூக்கிப் போடச் சொல்.

என்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று ஞாயிறு பூசைக்குப் பிறகு முடிவாகும். பதினைந்து வருஷப் பதவி, போனால் தாங்கமாட்டேன். குழுவில் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன் என்கிறார் சாமியார். எனக்காகவும் ஒரு ஜெபம் சொல். அந்தோணியார் உன்னையும் உன் கம்ப்யூட்டரையும் காப்பாராக.

இப்படிக்கு,
பெரியப்பா மதலைமுத்து

பி.கு.: இன்று காலை குழுவில் ‘மதலைமுத்து தலைவராகத் தொடர ஆண்டவர் அருள்வாராக’ என்று போட்டேன். ஸ்டீபன் உட்பட எல்லாரும் ஆமென் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லேப்டாப்போடு சாமியாரைப் பார்க்கப் போகிறேன். ஞாயிறு வரை புரோகிராமில் கை வைத்துவிடாதே.