ஆள்காட்டிக் குருவியும் என் மகளின் உத்தியோகமும்

சோமனூர்,
14.7.1996, ஞாயிறு.

அன்புத் தம்பி அன்புமணிக்கு அண்ணன் வெள்ளியங்கிரி எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி பழனியாத்தாளும் சுகம். அந்தியூரில் நீயும் கனகமும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம், என் மகள் செவ்வந்தி. மேற்படியாள் சுகமா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

சர்க்கார் ஆபீசில் பியூனாகச் சேர்ந்து டபேதாராக ஓய்வு பெறும்வரை முப்பத்தோரு வருடம் நான் கோப்பு சுமந்தது எதற்கு என்று உனக்குத் தெரியும். என் மகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வேறு யாராவது சுமந்து வரும் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக. எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கவும் வைத்தேன். அவளோ தை மாதத்திலிருந்து குளத்துக்கரையில் உள்ள இயற்கைக் கல்வி மையத்தில் வேலை பார்க்கிறாள். மையம் என்றால் தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு பெயர்ப்பலகை. பள்ளிப் பிள்ளைகள் வேனில் வருவார்கள். இவள் அவர்களுக்குப் பறவை, தவளை, பாம்புச்சட்டை எல்லாம் காட்டிப் பாடம் சொல்வாள். எந்தச் சேற்றிலிருந்து நம் அப்பா என்னைத் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டாரோ, அதே சேற்றில் இறங்க இவளுக்கு எம்.எஸ்ஸி. தேவைப்பட்டிருக்கிறது.

வீட்டு நிலைமையைக் கேள். கூகை இரை தின்றுவிட்டு எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்குமாம், அதைப் பிரித்துப் பார்த்தால் அது என்ன தின்றது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமாம். அப்படி ஏழெட்டு உருண்டைகளை ஒரு டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறாள். உன் அண்ணி கண்ணாடி போடாமல் புளி என்று எடுத்து ஊறப்போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் ஒரு எலியின் தாடை மேலே மிதந்து வந்தது. "ஏனுங்க, புளியில பல்லு இருக்குமுங்களா?" என்று நிதானமாகக் கேட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசம் இல்லை. அதற்கடுத்த வாரம் பேங்க் மேனேஜர் வெங்கடபதி வந்திருந்தபோது, அவர் விரித்த செய்தித்தாளிலிருந்து நாலடிப் பாம்புச்சட்டை மடியில் விழுந்தது. அவர் இப்போது தெருவில் பார்த்தாலும் பார்க்காத மாதிரி போகிறார். அவர் மூலமாகத்தான் பேங்க் பரீட்சைக்கு வழி கேட்டிருந்தேன்.

பொறுத்தது போதும் என்று, செவ்வந்தியின் ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேற்றுக் காலை மையத்துக்குப் போனேன். மேலதிகாரி இல்லை. இவள் கருமத்தம்பட்டியிலிருந்து வந்த நாற்பது பிள்ளைகளைக் கரையோரம் நிறுத்திவிட்டு முழங்கால் சேற்றில் நின்றிருந்தாள். கூப்பிடலாம் என்று கரையிலிருந்து ஒரு காலை இறக்கினேன், மீதி உடம்பைச் சேறு இறக்கிக்கொண்டது. வேட்டி, குடை, ராஜினாமா எல்லாம் போயிற்று. என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? உதட்டில் விரலை வைத்து, "யாரும் சிரிக்காதீங்க கண்ணுகளா, நாரை பறந்துரும்" என்றாள். நாரை பறக்கவில்லை. அதைப் பிள்ளைகள் நன்றாகப் பார்த்து முடித்தபிறகுதான் என்னைத் தூக்கினாள்.

"இவங்க எங்கப்பா" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, கரைமேல் சரளைக்கல் கிடக்கும் பக்கமாக எல்லாரையும் கூட்டிப்போனாள். பேசிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையாக எந்த ஊர், யார் வீடு என்று கேட்டு வந்தாள். ரெட்டைச்சடை போட்ட ஒரு பெண்குழந்தை, "பெரியதோட்டத்து ஊடுங்க மிஸ்" என்றது. எனக்கு நடை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. நம் அப்பா ஏர் பிடித்த அதே பெரியதோட்டம்தான்.

அப்போது ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டு தலைக்குமேல் சுற்றியது. இதன் முட்டையை மூன்று வாரமாகத் தேடியும் கிடைக்கவில்லை என்று செவ்வந்தி சொன்னாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கத்தற எடத்துல முட்டை இருக்காது அம்மணி. ஆளைப் பாத்ததும் சத்தமில்லாம எந்திரிச்சு ஓடிப்போயி, தூரத்துல நின்னுக்கிட்டுத்தான் கத்தும். அது ஓடிவந்த பக்கம் பாரு" என்றேன். பத்தடி நடந்திருப்போம். ரெட்டைச்சடைக் குழந்தை காலைத் தூக்கியது. "அங்க வெக்காதே கண்ணு" என்று கையைப் பிடித்தேன். அதன் பாதத்துக்கு நேர் கீழே, கல்லோடு கல்லாக நாலு முட்டை.

எப்படித் தெரியும் என்று அந்தக் குழந்தைதான் கேட்டது. என் பத்து வயதில் அப்பா ஏர் ஓட்டும்போது இதே போல நாலு முட்டையைப் பார்த்து, ஏரைத் தூக்கி வைத்து, ஒரு கட்டில் அகலத்துக்கு உழாமல் விட்டதையும், தோட்டத்துக்குச் சொந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டு நாளையிலிருந்து வரவேண்டாம் என்றதையும் சொன்னேன்.

"குஞ்சு பொரிச்சுதுங்களா தாத்தா?"

"பொரிச்சுது கண்ணு. நாலும்."

அப்புறம் அந்தப் பக்கம் நம்மை யார் விட்டார்கள்? பொரித்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

"அந்தத் தோட்டக்காரரு யாருங்க தாத்தா?"

நாற்பது முகமும் என்னையே பார்த்தன. செவ்வந்தியும் பார்த்தாள்.

"பேரு மறந்துபோச்சு கண்ணு" என்றேன்.

அன்புமணி, எனக்கு மறக்கவில்லை. அந்த வீட்டில் இதே உயரத்துப் பிள்ளைகள் நம் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என் காதில் இருக்கிறது. நேற்று அந்த வீட்டுக் குழந்தை தன் தண்ணீர் பாட்டிலை நீட்டியது. நான் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கப் போனேன். "வாய் வெச்சே குடிங்க தாத்தா, சட்டையெல்லாம் நனையுது" என்றது. சேற்றில் குளித்த சட்டை இனி நனைய என்ன இருக்கிறது. குடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் செவ்வந்தி, "நெசமாலுமே மறந்துபோச்சுங்களாப்பா?" என்று கேட்டாள். "உம்" என்றேன். அவள் சைக்கிளில் ஏறாமல், வீடு வரும்வரை அதைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஆனால் ஒரு நல்ல நாளை நம்பி வாழ்க்கையை ஒப்படைக்க முடியுமா? மிஸ் யார் வீட்டுப் பெண் என்று நாளைக்கு எந்தப் பெரியவராவது விசாரித்து, பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்தினால் இவள் தாங்குவாளா? எனக்கு அதுதான் பயம். ஆகவே, சித்தப்பா என்ற முறையில் நீ அவளுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும். வேலையை விட்டுவிட்டு பேங்க் பரீட்சை எழுதச் சொல். உன் சொல்லைத் தட்ட மாட்டாள்.

உனக்கும் கனகத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அண்ணன்,
அ. வெள்ளியங்கிரி,
டபேதார் (ஓய்வு).

பி.கு.: திங்கள் காலை. செவ்வந்திக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். வாய்க்கால் மேட்டில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்குமே ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி, புத்தகத்தில் அதற்கு வாலாட்டி என்று போட்டிருக்கிறது. களையெடுக்கும்போது நம் அம்மா அதை வேறு ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுவாள். நேற்று ராத்திரி முழுக்க யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. உனக்கும் வராவிட்டால் கனகத்தைக் கேள், மருமகளாக வந்து அம்மாவோடு வயலுக்குப் போனவள் அவள்தான். உடனே ஒரு கார்டு போடு. நம் ஊர்க்காரர்கள் சொல்லும் பேர்களை எல்லாம் செவ்வந்தி ஒரு நோட்டில் எழுதுகிறாள், ஒவ்வொரு பேருக்கும் எதிரே சொன்னவர் யார் என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. அந்தக் குருவிக்கு நேராக நம் அம்மாவின் பேரை, நாச்சியம்மாள் என்று எழுதி வைத்துவிட்டு, பேருக்குக் காத்திருக்கிறாள்.