பங்கர் மாஸ்டரின் எள்ளுப்பாகு

உலகத்தில் ஒலியைவிட வேகமாக ஓடக்கூடிய மனிதர் ஒருவர்தான். அவர் துணுக்காயில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் உயிரியல் மாஸ்டர். காற்றுக்குக் கதவு படாரென்று அடித்தால், சத்தம் எங்கள் காதுக்கு எட்டுமுன் அவர் மேசைக்குக் கீழே இருப்பார். சண்டை முடிந்து எவ்வளவோ காலமாகியும் அவருடைய கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஷெல்லடிக்குப் பதுங்கும் குழியின் பெயரால் பிள்ளைகள் வைத்த பெயர் பங்கர் மாஸ்டர். தமிழ் ரீச்சரான நானும் அப்படிச் சொல்லிச் சிரிப்பேன், அவருக்குக் கேட்கும்படியாகவே.

மாஸ்டரின் மகளுக்குக் கலியாணம் முற்றாகி நாளும் குறித்தபோதுதான் சிக்கல் வந்தது. மாப்பிள்ளை வந்து இறங்கும்போது சீனவெடி கொளுத்துவார்களே!

"வெடி வேண்டாமெண்டு சொல்லுங்கோவன், மாஸ்டர்."

"என்ன கதை கதைக்கிறியள் ரீச்சர்? ஒரேயொரு பிள்ளை. கள்ளக் கலியாணம் மாதிரிச் சத்தமில்லாமல் நடத்தவோ? வாசலிலை நிண்டு மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியவன் நான். மேசைக்குக் கீழை இருந்து கூப்பிடேலுமோ?"

தனக்குத் தானே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

"மூளையிலை நரம்புக்கலங்கள் ஒண்டையொண்டு தொடுறேல்லை, ரீச்சர். நடுவிலை ஒரு சின்ன இடைவெளி. சேதி அதைத் தாண்டித்தான் போகோணும். திரும்பத் திரும்பப் போனால் அந்த இணைப்புப் பலக்கும், நடக்க நடக்க ஒற்றையடிப்பாதை விழுகிற மாதிரி. என்ரை மண்டையிலை சத்தத்திலையிருந்து பயத்துக்குத் தார் றோட்டே கிடக்கு."

"அதைக் கிண்டி எடுக்கலாமோ?"

"அது ஏலாது. பக்கத்திலை வேறை பாதை வெட்டலாம்."

அந்தப் பாதை எள்ளுப்பாகுக்குப் போனது. எள்ளையும் சர்க்கரையையும் சேர்த்து மனைவி இடித்து உருட்டிக் கொடுக்கும் எள்ளுப்பாகென்றால் அவருக்கு உயிர். சத்தம் கேட்டதும் ஒன்றை வாயில் போட வேண்டும். சத்தம் போடுவது என் வேலை. அவர் எதிர்பாராத நேரத்தில் என் தடித்த தமிழகராதியைத் தரையில் போடுவேன். அகராதிக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல்நாள் மேசைக்குக் கீழே இருந்துதான் தின்றார். பிறகு குந்தியிருந்து தின்றார். பிறகு கதிரை நுனியில். போகப்போக ஓட்டம் குறைந்தது, வயிறு வண்டி வைத்தது. சட்டைப்பையில் எறும்பு குடியேறியது. பள்ளிக்கூட மணியடித்தாலே வாயூறத் தொடங்கியது.

"புத்தகம் வேறை, வெடி வேறை ரீச்சர்" என்று கலியாணத்துக்கு முதல்நாள் மனிதர் கலங்கிப்போனார். எனக்கும் பாவமாக இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை வந்து இறங்க, வெடி தொடங்கியது.

நான் பன்னீர்ச்செம்பு வைத்த மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. சண்டை நாட்களில் நானும் அங்கேதான் பங்கருக்குள் கிடந்தவள். அகராதியைப் போட்டது என் கை; சத்தம் வருமென்று எனக்கு முன்பே தெரியும். வெடியைக் கொளுத்தியது வேறு யாரோ.

அங்கிருந்து பார்க்க மாஸ்டரின் கால்கள் மட்டும் தெரிந்தன. இரண்டும் நடுங்கின. ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "வாங்கோ தம்பி, வாங்கோ" என்ற குரல் வாய் நிறைந்த எள்ளுக்குள்ளால் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை உள்ளே போனதும் மேசைவிரிப்பு மெல்ல விலகியது. ஒரு கை எள்ளுப்பாகை நீட்டியது.

"இந்தாங்கோ ரீச்சர். சத்தம் ஓயமுன்னம் சாப்பிடுங்கோ."

பள்ளிக்கூடத்தில் அவர் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அகராதியை அவர் போட்டார், நான் தின்றேன். இப்போது மாரியில் இடி முழங்கினால் எனக்கு முதலில் வாயூறுகிறது. பயம் பிறகுதான் வருகிறது. அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நல்லாயிருக்க வேண்டும்.