உட்காராத மாப்பிள்ளையின் விளக்கம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கு தங்கள் மகள் நலம். நானும் நலம், இடுப்புக்குக் கீழே ஒரு விரற்கடை இடத்தைத் தவிர. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் நாங்கள் வந்திருந்தபோது, எனக்கென்று தாங்களே இழைத்துச் செய்த நாற்காலியை முன்னறையில் போட்டு, "உட்காருங்க மாப்பிள்ளை" என்றீர்கள். நாற்பது வருடம் தச்சுவேலை பார்த்தவர், என் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து, முதுகுச் சாய்வுக்கு மட்டும் இரண்டு நாள் மெனக்கெட்டிருக்கிறீர்கள். நான் அதில் என் பையை வைத்தேன். சாப்பாட்டையும் நின்றுகொண்டே முடித்தேன். பிறகு சன்னலோரம் நின்று எதிர்வீட்டுச் சுவரை வெகுநேரம் ரசித்தேன். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து அத்தை தங்கள் மகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். நான் கேட்டுக்கொண்டதால் அவளும் காரணத்தைச் சொல்லவில்லை. தாங்கள் நாற்காலியைக் கவிழ்த்து நாலு காலையும் ஆட்டிப் பார்த்தீர்கள். ஒன்றும் ஆடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனவர் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அன்றுமுதல் போனில் அத்தை மட்டும்தான் பேசுகிறார்கள். இங்கே தங்கள் மகள் என்னிடம் பேசுவதும் குறைந்துவிட்டது.

நடந்தது இதுதான். அதற்கு நாலு நாள் முன்பு குளியலறையில் சோப்புத் தண்ணீர் வழுக்கி, நின்றவாக்கில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் குப்புறப் படுக்கச் சொல்லி அழுத்திப் பார்த்துவிட்டு, வால் எலும்பு என்றார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். கட்டுப் போட முடியாத இடம், ஆறு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, நடுவில் ஓட்டை விட்ட மெத்தை ஒன்றை வாங்கச் சொன்னார். ஆபீசில் மீட்டிங்குக்கு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போகிறேன், யாரும் முகத்துக்கு நேரே சிரிப்பதில்லை, நான் திரும்பியதும் சிரிக்கிறார்கள். இதையெல்லாம் மாமனார் வீட்டு முன்னறையில் எப்படிச் சொல்றது, எங்கே வலின்னு கேட்டால் எதைக் காட்டுறது என்று கூச்சப்பட்டு நின்றுவிட்டேன். தங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. தங்கள் முகம் வாடியதை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கோபம் தணிந்த பிறகு ஆசி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதைப் படித்துவிட்டுத் தங்கள் மகள், "நம்ம பாத்ரூமுக்கு வழுக்காத கல்லா பார்த்து, பக்கத்துல நின்னு போட வச்சதே அப்பாதான்" என்றாள். ஆகவே மேலே சோப்புத் தண்ணீர் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். கடையில் ஒரு நாற்காலி வாங்கினேன். அட்டைப்பெட்டியில் வந்தது. படத்தைப் பார்த்து நானே மாட்டினேன். கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சியது. கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு உட்கார்ந்தேன். தச்சர் வீட்டு மாப்பிள்ளை கடை நாற்காலியிலிருந்து விழுந்தான் என்று தங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அன்று நின்றேன். நீங்க எனக்காக ஒண்ணு செஞ்சுகிட்டிருந்தது சத்தியமா தெரியாது மாமா. ஆறு வாரம் வியாழனோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை வருகிறேன். அந்த நாற்காலியை முன்னறையில் போட்டு வையுங்கள். திட்டுவதென்றால் நான் உட்கார்ந்த பிறகு திட்டுங்கள்.