கருப்புப் பொடியும் இறால் தடவிய பெண்களும்

மதிப்புக்குரிய பேராசிரியர் ஐயா சமூகத்துக்கு,

சுண்ணாம்புக்குளம் ஞானதாஸ் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு ஏரியும் நானும் நலம். அங்கு தாங்களும் தங்கள் மெஷின்களும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் என் மகள் ஜாக்குலின், "இந்தக் கணக்கு எனக்கு வராது, இனி வரமாட்டேன்" என்று தங்களிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். என்ன விவகாரம் என்று கேட்டேன். பிளாஸ்டிக்கில் கரண்டு போகாதாம். கருப்புப் பொடி கலந்தால் ஒரு அளவுக்கு மேல் திடீரென்று பாயுமாம். இவள் கம்ப்யூட்டர் சொல்ற பொடியில பாதி போட்டாலே லேபுல பாய்ஞ்சிடுதாம். நல்லதுதானேம்மா, பொடி மிச்சம்னேன். மொறைச்சா பாருங்க ஒரு மொறை, செத்துப்போன அவ அம்மாவே எழுந்து வந்த மாதிரி இருந்துச்சு.

சின்னதுல என் கூடவே படகுல வருவா. மின்னல் ஏரியில வுழுந்தா இறாலுக்கு ஷாக் அடிக்குமா நைனா, அடிச்சா அது யாருகிட்ட போய் சொல்லும்னு கேட்டுக்கினே வருவா. நான் வேகமா படகு தள்ளுவேன். அந்தப் பொண்ணு கேள்வியே கேக்காம மூலையில குந்திக்கினு இருந்தா மனசு தாங்குமா ஐயா? அதனால அவ கணக்கை ஆளுங்களை வெச்சே போட்டுப் பாக்கட்டும்னு, ஏரிச் சேத்துல கையால தடவி இறால் புடிக்கிற பொம்பளைங்களை இட்டாந்தேன். ஏரியில ரெண்டு கழி நட்டு, நடுவுல பொடி மாதிரி அங்கங்க தள்ளி நில்லுங்க, கைக்கு எட்டினவங்களைத் தொடுங்க, இந்தக் கழியிலேந்து அந்தக் கழிக்குத் தொடுதல் போவுதான்னு பாக்கலாம்னு இவ நிறுத்தினா. நின்னாங்களா? ராஜாத்தி கையில ஒரு இறால் தட்டுப்பட்டுச்சு. அவ்ளோதான், அத்தினி பேரும் கழிக்குக் கழி நீளமா ஓடுற அந்தப் பள்ளத்தோட ஒட்டி ஒட்டி நின்னு சேத்தைத் தடவ ஆரம்பிச்சிட்டாங்க. "பழைய எடத்துக்குப் போங்கக்கா!"னு இவ கத்துறா. எல்லாரும் இறால் போடுற பறியைப் பல்லால கடிச்சிருக்காங்க, யாரு பதில் சொல்றது? தேவகி மட்டும் பறியைக் கையில எடுத்துட்டு, "இன்னாத்துக்குமா? இறால் இங்கதானே கீது"ன்னா. பாத்தா, இவ கணக்கு சொன்னதுல பாதி ஆளுலயே கழிக்குக் கழி கை எட்டிடுச்சு. ஜாக்குலின் தலையில அடிச்சுக்கினா, அப்புறம் வுழுந்து வுழுந்து சிரிச்சா. "நைனா, பொடியும் சமமாப் பரவி நிக்கல, சேந்து சேந்து நிக்குது. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்"னா.

இப்போ திரும்பி வர ஆசைதான், பேசின பேச்சுக்கு வெக்கம். தாய் இல்லாம வளந்த பொண்ணு, மன்னிச்சு, அவ எடத்தை வேற யாருக்கும் குடுக்காம உடனே கூப்பிடணும்.

தங்கள் பிள்ளைகுட்டிகளையும் லேபையும் ஆண்டவர் கண்போலக் காப்பார்.

பணிவுள்ள,
ஞானதாஸ்

பி.கு.: எழுதிட்டு நிமிந்தா, ஜாக்குலின் நண்டுக் குழம்பு வெச்சுக்கினே தேவகியைக் கேள்வி கேட்டுக் கொன்னுக்கினு கீறா. வூட்டுல இந்தச் சத்தம் கேட்டு எத்தினி வருசமாச்சு! ஐயா, அவ எடம் பத்திரமா இருக்கட்டும். ஆனா உடனே கூப்பிட வேணாம், இந்தக் கடுதாசி மட்டும் தங்களுக்கு ரொம்ப லேட்டா வந்து சேந்துச்சுன்னு வெச்சுக்கோங்க.