மட்கார்டும் பதினொரு கடிதங்களும்

என் வாழ்க்கையில் ஓர் ஆணுக்குத் தொடர்ந்து பதினொரு கடிதங்கள் எழுதியது ஒரே ஒரு தடவைதான். அந்த ஆண் என் கணவர் இல்லை. கொழும்புக் கோட்டையில் இருந்த ஓர் இன்சூரன்ஸ் கம்பனியின் மனேஜர். பதினொன்றில் ஒன்றுக்கும் அவர் பதில் போடவில்லை. (என் கணவராக இருந்தால் மூன்றுக்காவது போட்டிருப்பார்.)

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முந்திய கதை இது. மாமனாரின் வெள்ளவத்தை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். மாமா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர். கொழும்பில் புத்தம்புதுக் கறுப்புக் கார் ஒன்றை வாங்கி, ஆறு வருடமாக அதைத் தன் இரண்டாவது மகனைப்போல வளர்த்துவந்தார். (முதல் மகன் என் கணவர். இருவரில் யாருக்குச் செல்லம் அதிகம் என்று நான் சொல்லப் போவதில்லை.)

அந்த வருடம் அவர் கோயில் திருவிழாவுக்கும் காணி விஷயத்துக்கும் யாழ்ப்பாணம் போனார். திரும்ப மூன்று மாதம் ஆகும். போகுமுன் காருக்கு வெள்ளைத் துணி போர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கிழமைக்கு ஒருக்கா மகன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைக்கட்டும். கேற்றைத் தாண்டக் கூடாது. ஆறு வருஷமா ஒரு கீறல் விழாத கார். அவனிலை எனக்கு நம்பிக்கை இல்லை. நீ படிச்ச பிள்ளை. உன்னை நம்பித்தான் போறன்."

நான் மருமகளாக வந்து இரண்டு வருடம். அதுவரை அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, "ரசத்துக்கு உப்புக் காணும்." (போதும் என்று அர்த்தம்.) இப்போது நம்பிக்கை. அதை இழந்துவிட்டால் திரும்ப உப்புக்குத்தான் போகவேண்டும். அன்றிரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

மூன்றாவது கிழமை கேற்றைத் தாண்டினேன்.

எங்கள் ஆறு மாத மகளுக்கு முதல் சோறு தீத்தவேண்டும், கொட்டாஞ்சேனைக் கோயிலில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ், அங்கிருந்து ட்ராம் என்று கணவர் திட்டம் போட்டார்.

"ட்ராமிலை ஆரும் தும்மினால்?" என்றேன்.

"ஆர் தும்மினது?"

"இன்னும் ஏறேல்லை. ஆனால் ஏறுவார். பிள்ளைக்கு நேர் முன்னாலை இருப்பார்."

இன்னும் வண்டியே ஏறாத அந்தத் தும்மல்காரருக்குப் பயந்து வெள்ளைத் துணியை உரித்தோம்.

கோயிலுக்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மகள் முதல் சோற்றை ஐயர் மேல் துப்பினாள். வெளியே வந்து பார்த்தால், காரின் முன்பக்க இடது மட்கார்ட் மிதித்த தகரப் பேணிபோலக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரிய கார். அதன் சொந்தக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி எங்களுக்காகக் காத்து நின்றார்.

"பின்னுக்கு எடுக்கும்போது கவனிக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது, அம்மணி," என்று இங்கிலிஷில் சொல்லி, தன் இன்சூரன்ஸ் கம்பனியின் கார்டை நீட்டினார். "இவர்கள் எல்லாவற்றையும் திருத்தித் தருவார்கள்."

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். யாராவது மன்னிப்புக் கேட்டால் அதைவிடப் பெரிய மன்னிப்பு ஒன்றைக் கேட்கப் பழக்கிவிட்டிருந்தார்கள். "மன்னியுங்கள், எங்கள் கார் உங்களுக்கு இடைஞ்சலாக நின்றுவிட்டது," என்றேன். கணவர் என் காலை மிதித்தார்.

புது மட்கார்ட் போடுவதென்றால் கணவரின் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். ஆகவே கம்பனி திருத்தித் தந்தால்தான் உண்டு, அதுவும் மாமா வருவதற்குள். கணவர் அரசாங்கக் கிளாக்கர். பகல் முழுவதும் கடிதம் எழுதிக் களைத்தவர். "எழுத்து உம்முடைய வேலை," என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

முதல் கடிதத்தில் கம்பனி ஊழியர் அனைவரின் நலத்தையும் விசாரித்தேன். இரண்டாவதில், முதல் கடிதம் நீளமாகிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவதில், இரண்டாவது கடிதம் சற்றுக் கடுமையாக இருந்திருக்குமோ என்று வருந்தினேன். ஏழாவதைத் தபாலில் போட்டுவிட்டு, அதில் ஒரு கமா பிழையாக விழுந்துவிட்டதென்று எட்டாவதை எழுதினேன். இதற்கிடையில் கிழமைதோறும் மாமாவுக்கும் கடிதம் போனது: "நாங்கள் நலம். குழந்தை நலம். காரும் நலம்."

இரண்டு மாதம் ஓடியது. பதினோராவது கடிதமும் கிணற்றில் போட்ட கல்லானபோது, மகளைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்கு நேரில் போனேன். ஒரு பியோன் என்னை நீளமான மர வாங்கில் இருத்திவிட்டு மறந்துபோனார். ஒரு மணித்தியாலம் நான் மரியாதையாகக் காத்திருந்தேன். மகள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இல்லை. அவள் தொண்டையைத் திறந்தாள்.

தட்டச்சு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் வெட்கத்தில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுற்றிவந்தேன். அதனால் அவள் குரல் எல்லா மேசைக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. பத்து நிமிடத்தில் மனேஜரே வெளியே ஓடி வந்தார். "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து காரைப் பார்ப்பார். இப்போது தயவுசெய்து போங்கள்."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அங்கேதான் என் வளர்ப்புக் குறுக்கே வந்தது. ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கு வருகிறார். வீடு எப்படி இருக்கவேண்டும்? புதன்கிழமை யன்னல் திரைகளைத் தோய்த்தேன், கேக் அடித்தேன், நாற்காலிக் கால்களைக்கூடத் துடைத்தேன். வியாழன் காலை கணவர் கந்தோருக்குப் போனபின் முற்றத்தில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. நடுவில் கார், அந்த முகத்தோடு.

இப்படித் துப்புரவான வீட்டில் இப்படி ஒரு காரா? வருகிறவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?

கொம்பனித்தெருவிலிருந்து சாலி நானா என்றொருவர் தகர வேலை செய்துகொண்டு எங்கள் ஒழுங்கையால் போவார். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

"நானா, பதினொரு மணிக்கு ஆள் வாறார். பாத்தால் நசுங்கினது விளங்கக் கூடாது."

"ஆரு தங்கச்சி வாறது? பொண்ணு பாக்கவா?"

"இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர்."

நானா சுத்தியலைக் கீழே வைத்தார். "அவர் என்னத்தப் பாக்க வாறார்?"

"இந்தக் காரை."

"காருல என்னத்த?"

"இந்தச் சேதத்தைத்தான்."

அவர் மட்கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் தங்கச்சி மறைக்கச் சொல்றீங்க?"

வேலைக் கள்ளத்துக்குக் கதை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "மறைக்கேல்லை நானா. துப்புரவாக்கிறம்," என்றேன், கண்டிப்பாக.

பாவம், அவர் தட்டி நிமிர்த்தினார். பள்ளங்களைப் பட்டியால் நிரப்பினார். (யன்னல் கண்ணாடி பதிக்கக் களிபோலப் பிசைவார்களே, அது.) மேலே கறுப்புப் பெயின்ட். மட்கார்ட் மணமகன்போல மின்னியது.

சரியாகப் பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வயதான பறங்கிக் கனவான். தேநீர் குடித்தார், கேக்கைப் புகழ்ந்தார், காரைச் சுற்றி வந்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"சேதம் எங்கே, அம்மணி?"

அந்த விநாடியில்தான் எனக்கு விளங்கியது. சாலி நானாவுக்கு எட்டரை மணிக்கே விளங்கிவிட்டது.

விரலால் காட்டினேன். அவர் தொட்டார். விரல் கறுப்பாகியது. சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பேனாக்கத்தியால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார். பிறகு சந்தையில் மண்முட்டி வாங்குபவர்போலக் குனிந்து நாலு மட்கார்ட்டுகளையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். கார் லைசன்ஸிலிருந்த பெயரைக் குறித்துக்கொண்டு, இன்னொரு துண்டு கேக்கும் தின்றுவிட்டுப் போனார்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். "சேதத்தைப் பாக்கக் கூப்பிட்ட ஆளுக்குச் சேதத்தை மறைச்சே காட்டினீர்?" என்று கேட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். சிரிப்பதா அழுவதா என்று முடிவெடுக்க அவருக்கு இரவுச் சாப்பாடு வரை ஆனது.

சுரண்டிய இடத்தை நானா வந்து மறுபடி பூசினார். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். துணியைத் தூக்கினார். "நான் சொன்னனான்தானே, படிச்ச பிள்ளை எண்டு," என்றார் மகனிடம். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாய் திறந்தேன். ஒவ்வொரு நாளும், "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ மாமா?" என்றுதான் வந்தது. அந்தக் கிழமை அவர் குடித்த தேநீருக்கு அளவில்லை.

எட்டாம் நாள் கம்பனியின் பதில் வந்தது. இரண்டரை மாதமாக நான் தவம் கிடந்த பதில். எனக்கு இல்லை, லைசன்ஸில் பெயருள்ளவருக்கு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்த குரலில் வாசித்தார்.

"முன்பக்க இடது மட்கார்ட்: அண்மையில் பட்டி பூசப்பட்டுள்ளது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். ட்ராம், தும்மல், கோயில், கடிதங்கள், கேக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். மாமாவின் முகம் கறுத்தது. "உன்னை நம்பி..." என்று தொடங்கியவர், குற்றப்பத்திரிகையை முழுவதும் வாசித்துவிட்டே தீர்ப்புச் சொல்வது என்று கடிதத்துக்குத் திரும்பினார்.

"முன்பக்க வலது மட்கார்ட்..."

நிறுத்தினார்.

"பிறகு ஐயா?" என்றார் கணவர்.

"பிறகென்ன. இங்கிலிஷ் சரியில்லை."

எனக்குத் தலைகீழாகவும் வாசிக்க வரும். (வகுப்பில் ரீச்சரின் மேசைக்கு முன்னால் நின்று பழகியது.) வலது மட்கார்ட்: பல வருடங்களுக்கு முன் பட்டி பூசப்பட்டது. பின்பக்க மட்கார்ட்டுகள் இரண்டும்: அவ்வாறே, ஒன்றில் மூன்று தடவை. ஆகவே எந்தச் சேதம் எப்போது நேர்ந்ததென்று சொல்ல இயலாததால், கம்பனி பொறுப்பேற்காது.

மாமா கடிதத்தை நாலாக மடித்தார். மடியில் செருகிக்கொண்டார்.

"பிள்ளை, உந்த இடது பக்கம் ஆர் பூசினது?"

"கொம்பனித்தெரு சாலி நானா, மாமா."

"நல்ல வேலைக்காரன். எனக்குப் பூசினவன் இவ்வளவு வடிவாச் செய்யேல்லை." தேநீரை எடுத்துக்கொண்டார். "இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டிடாதை."

அடுத்த நாள் அவரே காரை எடுத்து, மகளை என் மடியில் இருத்தி, எங்களைக் காலி வீதியில் ஒரு சுற்றுக் கூட்டிப் போனார். பம்பலப்பிட்டியில் ஒரு மாட்டு வண்டியை மயிரிழையில் தவறவிட்டார். நாங்கள் ஒன்றும் காணவில்லை.

புத்தி வந்ததா என்றால், இல்லை. போன மாதம் எனக்கு நாலு நாள் காய்ச்சல். டொக்டரை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். அவர் வருகிறார் என்றதும் எழுந்து முகம் கழுவி, தலை வாரி, பவுடர் பூசி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அம்மாவைப் பாத்தால் காய்ச்சல் இருக்கிற மாதிரித் தெரியேல்லையே," என்றார் டொக்டர்.

அன்று ஐயர் மேல் சோறு துப்பியவள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் சுரண்டிப் பாருங்கோ, டொக்டர்," என்றாள்.